'நான்' என்றால் நான் இல்லை

இன்டர்பிரட்டர் வேலையில் பேசுவது இரண்டு பேர், திட்டு வாங்குவது மூன்றாவது ஆள். பிரெஞ்சில் பட்டம் இருந்தால் போதும் என்று நம்பி இந்தப் பயிற்சியில் மாட்டிக்கொண்டவர்களே, நான் பட்டதையும் கேளுங்கள்.

டிவியோடு தகராறு

முதல் மாதம் முழுக்க ஒரே பாடம். செய்தி வாசிப்பவர் சொல்வதை இரண்டு வார்த்தை பின்னால் நாமும் அப்படியே சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே பேசப் பழக்குகிறார்களாம். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு டிவி முன்னால் நின்று காலையும் மாலையும் சொன்னேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "நியூஸ் படிக்கிற பொண்ணுகூட உங்க பொண்ணுக்கு ஏதாச்சும் சண்டையாக்கா?"

யாருக்குப் பயம்?

அடுத்த பாடம், "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். பழகுவதற்காக ஒரு பிரெஞ்சுத் தம்பதியோடு நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அனுப்பினார்கள். படகைப் பார்த்ததும் கணவர் முகம் வெளுத்து ஏதோ சொன்னார். நான் விதிப்படி படகுக்காரரிடம், "எனக்குத் தண்ணின்னா பயம். நீச்சல் தெரியாது. நான் வரல" என்றேன். அவர் என் கையிலிருந்த லைஃப் ஜாக்கெட்டை வாங்கி, நடுங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு மாட்டிவிட்டார். "நீ இங்கயே குந்தும்மா. அவங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும்."

கூட்டாமல் குறைக்காமல்

மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பிரான்சிலிருந்து இன்ஜினியர் வந்திருந்தார்; அடுத்த பயிற்சிக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். மெஷினைத் திறந்து பார்த்தவர், "இந்த போல்ட்டை டைட் பண்ண கழுதை யாரு?" என்று கேட்டார். எதிரே நின்ற சூப்பர்வைசருக்கு என் அப்பா வயது. ஆனால் மென்மையாக்கினால் மார்க் போய்விடும். தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "போன தடவ வந்தப்ப அவரே டைட் பண்ணதும்மா. இதையும் அப்படியே சொல்லு."

சம்பந்தியம்மா

இறுதித் தேர்வில் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி. நோயாளியாக நடித்த அம்மாள், "எங்க சம்பந்தியம்மா பேசுன பேச்சுலதான் நெஞ்சு வலியே வந்துச்சு" என்று ஆரம்பித்தார். பிரெஞ்சில் அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. 'என் மகளுடைய கணவருடைய அம்மா' என்று நான் சுற்றி வருவதற்குள் அவர் மூன்று மாத்திரைகளின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். மூன்றையும் விட்டேன், ஃபெயில். நிஜ நோயாளியாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போதே அழுகை வந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மதாம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "சம்பந்திய சமாளிக்கிறது யாருக்குத்தாம்மா சுலபம்? ஆறு மாசம் கழிச்சி வந்து எழுது."

பாஸ்

மறுமுறை பாஸ் செய்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அடுத்தவங்க பேசறத சொல்றதுக்கே இவ்ளோ நாளாச்சி. நீ எப்பம்மா பேசப்போற?"

இரண்டு பாஷையில் பேச எனக்குத் தகுதி உண்டு என்கிறது சான்றிதழ். இரண்டிலும் என் அபிப்பிராயத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.