நாற்பது கிழங்கில் பாதி

கரும்பலகையில் விடையை எழுதியதும் செமிசி அதைச் சுற்றி ஒரு பெட்டி போடுவான். பெட்டியைச் சுற்றி இன்னொரு பெட்டி. பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, எங்கள் தீவு வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் கட்டிய பாயை இழுத்துவிட்டுக்கொண்டு தன் கைவேலையை ரசிப்பான். அதுவரை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கக்கூடாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவனுக்கு இரண்டாம் வருடம். சிறப்புப் பாடம் கணிதம். கற்றுக்கொள்ளத்தான் என்னிடம் அனுப்பினார்கள். ஆறு வாரமாக எனக்கல்லவா பாடம் நடத்துகிறான்! ஆசிரியர் அறையில் நான் சீமைப்பலாவை நறுக்கினால், "இது நாலுல ஒண்ணு இல்ல டீச்சர், கொஞ்சம் கூட இருக்கு" என்பான். சொல்லிவிட்டு அந்தத் துண்டையே எடுத்துக்கொள்வான். பாட்டும் மொழியும் சொல்லித்தரப் படிக்கிற கூட்டாளிகளுக்கு அவன் வைத்த பெயர், "மூளைக்கு லீவு விட்டவங்க."

நேற்று அவனுக்குப் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை. கல்லூரியிலிருந்து லாத்து அம்மாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இதில் தவறினால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும்.

"தோட்டத்துலேர்ந்து நாப்பது வள்ளிக்கிழங்கு வந்துச்சு. பாதியப் பாதிரியாருக்குக் குடுத்தாச்சு. மீதி எவ்வளவு? நோட்டுல போடுங்க" என்றான் செமிசி.

லேசியேலி முதலில் எழுந்து நோட்டை நீட்டினாள். "பத்து, சார்."

"தப்பு! உக்காராத, அப்படியே நில்லு. பாதின்னா என்னன்னு தெரியாமலே அஞ்சாவது வந்துட்டியா?"

"பத்துதான் சார். எங்கப்பா அப்படித்தான் எண்ணுவாரு."

எங்கள் தீவில் கிழங்கை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. கைக்கு ஒன்றாக எடுத்து, ஜோடி ஜோடியாகத்தான் போடுவோம். இருபது கிழங்கு என்றால் எண்ணிக்கை பத்து. செமிசியின் அப்பாவும் கிழங்கு பயிரிடுகிறவர்தான். போன விடுமுறையில்கூட இவன் தேவாலய வாசலில் எண்ணிப் போட்டதை நானே பார்த்தேன். சாக்பீஸைத் தொட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று, படிப்பாளிக்கு!

"ஏம்பா செமிசி," என்றார் லாத்து அம்மாள், "உங்க வீட்டுல கிழங்க எப்படி எண்ணுவீங்க?"

"ரெண்டு... ரெண்டு ரெண்டா, அம்மா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன்; மறைக்கவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு போட்டது?"

அவன் காது சிவந்தது. அவளை உட்காரச் சொல்லவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நோட்டை வாங்கி, அவள் எழுதிய பத்துக்குப் பக்கத்தில் தன் கையாலேயே 'ஜோடி' என்று எழுதி 'சரி' போட்டான். பிறகு, அந்தச் சொல்லை அவள் எழுதவில்லை என்பதற்காக அரை மதிப்பெண்ணைக் குறைத்தான்.