கொண்டுபோய் விடுவது

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் கை. முகமெல்லாம் அப்புறம்தான். ஓடுகிற ஆம்புலன்ஸில் ஒரு காலை ஸ்ட்ரெச்சர் கம்பியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்த கை. கட்டைவிரலுக்குக் கீழே சதை வெளுத்துப்போயிருந்தது. கொடுங்கள், கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன் என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாங்கள் ஒன்றாக ஃபெல்லோஷிப் செய்தோம். எம்.டி. முடித்த டாக்டர்கள், இதயமோ நுரையீரலோ கைவிட்ட நோயாளிகளைப் பார்க்கும் ஐ.சி.யு.வில் இருந்து கற்றுக்கொள்ளும் மேல்பயிற்சி. பெயர்தான் பெரிது. தூங்காமல் இருப்பதற்கும் திட்டு வாங்குவதற்கும்தான் பாதிப் பயிற்சி. அக்கா ராசிபுரம், நான் சங்ககிரி. கல்லூரியில் எனக்கு மூத்தவர், அதனால் அக்கா. எனக்கு வாய் நீளம், அவருக்குப் பிடிவாதம். "ஏன்டா, உனக்கு நல்ல வார்த்தையே வராதா?" என்பார். "வரும்க்கா, ஒரு நாள் நல்லாத் தூங்கினா வரும்" என்பேன்.

நாங்கள் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் எக்மோ மெஷின். ரத்தத்தை உடம்புக்கு வெளியே இழுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, மறுபடி உள்ளே அனுப்பும். நுரையீரல் செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மெஷினோடு வேறு ஊருக்குப் போய், அங்கேயே நோயாளிக்குக் குழாய் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது. நானும் அக்காவும் முதன்முதலில் அப்படிக் கொண்டுவந்தது நாமக்கல்லிலிருந்து ஒரு பையனை. வெண்ணந்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போனவன், காய்ச்சலோடு திரும்பி வந்தான். இரண்டு நுரையீரலும் கல் மாதிரி ஆகியிருந்தது. உயிரோடு சேலம் கொண்டு வந்து சேர்த்ததற்குப் பெரிய டாக்டர் எங்கள் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாரங்கள் போயின. நுரையீரல் திரும்பவில்லை. சிறுநீரகமும் போனது. மாற்று நுரையீரல் வைக்கவும் வழியில்லை என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். இதை அக்காதான் அவன் அப்பாவிடம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பிழைக்க மாட்டான் என்றார். அவர் கையில் இருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊட்டுக்குக் கொண்டு போயிடறோமுங்க," என்றார் அப்புறம். "உசுரோட வாசப்படி தாண்டீட்டாப் போதுமுங்க."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே செத்த உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். அந்தப் பையன் ரிக் சம்பளத்தில் வீடு கட்டியிருந்தான். பால் காய்ச்சிய மறுநாளே வண்டி ஏறிவிட்டான். "எம் பையன் அந்த ஊட்டுக்குள்ள ஒருக்கா படுக்கோணும் சாமி" என்று அவன் அம்மா சொன்னது அதனால்தான்.

அக்கா பெரிய டாக்டரிடம் போய் மெஷினோடு கொண்டுபோக அனுமதி கேட்டார். அவர் முடியாது என்றார்.

"கூட்டிட்டு வர்றதுக்கு மெஷின் இருக்கு. கொண்டுபோய் விடறதுக்கு இல்லையா சார்?"

"இல்லம்மா. இன்னைக்கே பொழைக்கிறவன் ஒருத்தன் வந்தா அவனுக்கு எதை மாட்டுவே?"

அவர் சொன்னது சரி. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குக் கோபம் வேறு இடத்தில். முடியாது என்று சொன்ன கையோடு எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டோம். அக்கா மட்டும் நகரவில்லை.

மெஷினிலிருந்து ஒருவனை விடுவிக்கலாமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதற்குள் போகும் ஆக்ஸிஜனை நிறுத்திவிட்டு, அவன் நுரையீரல் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். பிழைக்கத் தொடங்கியவனுக்குச் செய்வது அது. அக்கா அதை அவனுக்குச் செய்தார். வெண்ணந்தூர் போகும் நேரம் அளவுக்குத் தாங்குவானா என்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியது, ஆனால் மெதுவாக இறங்கியது. "போயிடலாம்டா" என்றார். வழியிலேயே உயிர் போய்விடலாம் என்பதையும் அப்பாவிடம் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். மெஷினைக் கழற்றி அனுப்பப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரோட்ல ஏதாவது ஆச்சுன்னா நீ எங்க ஃபெல்லோ இல்லை" என்றார். "சரிங்க சார்" என்றார் அக்கா.

வண்டி கிளம்பும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க டாக்டரே, சைரன் போடோணுங்களா? ஆஸ்பத்திரிக்குப் போறப்பத்தான போடுவோம்."

"போடுங்கண்ணா" என்றார் அக்கா.

சைரனோடு ஆஸ்பத்திரியை விட்டு ஓடினோம். பஸ்ஸும் லாரியும் ஒதுங்கி வழிவிட்டன. பைக்கில் போன ஒருவன் பதறிப்போய், சேலம் அந்தப் பக்கம் என்று கை காட்டினான். ஏற்றிக்கொண்டு போன சின்ன வெண்டிலேட்டர் அந்த நுரையீரலோடு மல்லுக்கட்ட முடியாமல் கத்தியது. அதைக் கழற்றிவிட்டு அக்கா பையைக் கையில் எடுத்தது அப்போதுதான். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் நான் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அந்த ஊர்ப் பெயரை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வாசப்படி தாண்டும்போது நாடி இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் வாசம் போகாத அறையில் கட்டிலில் படுக்க வைத்தோம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்த பிறகு அக்கா அவன் வாயிலிருந்து குழாயை எடுத்தார். வெயில் சாய்வதற்குள் மூச்சு அடங்கியது.

இப்போது நான் வேறொரு ஆஸ்பத்திரியில் ஃபெல்லோக்களுக்கு வகுப்பெடுக்கிறேன். குடும்பத்தாரிடம் பேசுவது எப்படி என்று பாடத்திட்டத்தில் ஒரு வகுப்பு இருக்கிறது. ஸ்லைடில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். எரிச்சலாக வரும். ஸ்லைடை அணைத்துவிட்டு, எந்த ஊர், எவ்வளவு தூரம், எத்தனை சிலிண்டர், யார் கூடப் போவது என்று கேட்பேன். அப்படி நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகளில் சிலர் வழியிலேயே இறந்திருக்கிறார்கள். அதையும் சொல்வேன். அந்த வேலைக்கு எந்தச் சான்றிதழிலும் இடம் கிடையாது.

அன்றைக்குக் கிளம்பும்போது நடந்ததை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை. இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வருகிறேன் என்ற வார்த்தையை அங்கே சொல்லவே கூடாது. ராசிபுரத்தில் பிறந்த அக்காவுக்கு இது தெரியாதா? கருவிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டு, அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, ஐ.சி.யு.வில் தினமும் சொல்கிற வாக்கில், "வாரேனுங்கம்மா" என்றுவிட்டார். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. அக்கா தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா மகன் முகத்திலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தார்.

"வா சாமி," என்றார். "நீ வா."

அக்கா இப்போது பெங்களூரில் இருக்கிறார். ராசிபுரம் வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறார்.