அறுபத்தொன்று காட்டிய கத்தி

மலேசியாவின் செனாவாங்கில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர் சென்ற வாரம் இணையத்தில் ஒரு கத்தி வாங்கினார். கையால் அடித்த கத்தி என்று பெட்டியில் எழுதியிருந்தது. அந்தக் கை எந்த நாட்டில் இருக்கிறது என்று எழுதவில்லை. உள்ளே வெல்வெட் துணி, அதன்மேல் கத்தி, அதன்மேல் ஓர் அட்டை. அட்டையில் கத்தியின் கடினத்தன்மையைச் சொல்லும் எண். மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டுவதுபோல அட்டையைத்தான் முதலில் நீட்டினார். பிறகு ஓர் அரத்தை எடுத்துக் கத்தியின் விளிம்பில் இழுத்தார். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. “பாத்தீங்களா சார், அரமே ஏறல” என்றார். உள்ளே அவர் மனைவி பாசார் சந்தையில் வாங்கிய மெல்லிய தகரக் கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். புதுக் கத்தியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். வெங்காயம் பட்டால் கறை பிடித்துவிடுமாம்.

அரம் இரும்பின்மேல் வழுக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுநாளாயிற்று. பல்லைக் கூசவைக்கும் சத்தம். சத்தத்தோடு ஒரு வாசனையும் வந்தது, அவர் வீட்டில் இல்லாத வாசனை. கழித்த இஞ்சின் எண்ணெய் சூடேறும் வாசனை, அதற்குள் கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் ஏலக்காய். எனக்குத் தெரிந்து இந்த மூன்றும் சேர்ந்து வீசியது அந்தோணி அண்ணன் வீட்டில் மட்டும்தான்.

அந்தோணி அண்ணன் பெடாஸுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பட்டறையில் பிட்டர். டிராக்டர், லோரி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் அவர் கைக்கு வரும். சில திரும்பியும் போகும். அந்தத் தோட்டம் இப்போது வரிசை வீடுகள் நிறைந்த தாமானாகிவிட்டது. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு மரத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். மரம் வைக்க இடம் போதவில்லை போலும்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் வட்டாரச் செய்தியாளன். அதாவது, கோயில் திருவிழாவுக்கும் அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும் நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவன். செய்தி இல்லாத நாட்களில் தோட்டத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் செய்தி இருக்காது, ஆனால் கருத்துக்குப் பஞ்சமே கிடையாது.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது அந்தக் கடையில் எல்லோரும் கூட்டம் போட்டார்கள். பால்மரம் சீவிக்கொண்டிருந்த சரோஜா அக்கா மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் பெடாஸ் பாசாருக்குப் போய் ஆட்டுக்கறிக் கடைக்கு ஓர் இடம் பிடித்துவிட்டு வந்தார். பொம்பளை கத்தி எடுத்துக் கறி வெட்டுவதா என்று விவாதம் நடந்தது. தோட்டத்துக் கோயிலில் காளியம்மன் கையில் என்ன இருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் கடை திறப்பு. அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருந்தது. நம் ஆட்கள் கட்சி மாறுவார்கள், சங்கத்தை இரண்டாக உடைப்பார்கள், கறிக்கடையை மட்டும் மாற்றமாட்டார்கள். ஒரு தீபாவளிக்கு யாரிடம் கறி எடுத்தார்களோ அவரிடமே ஆயுள் முழுக்க எடுப்பார்கள். பெடாஸின் பழைய கறிக்காரர் மகனோடு வெளியூர் போய்விட்டதால் அந்த வருஷம் அவருடைய வாடிக்கை முழுவதும் கேட்பாரில்லாமல் நின்றது. அதைப் பிடிக்க எதிர் வரிசையில் இன்னொருவரும் அதே நாளில் கடை போட இருந்தார். அக்காவுக்கு வாடிக்கை கிடைத்தால் சொந்தப் பிழைப்பு. கிடைக்காவிட்டால் செனாவாங் தொழிற்சாலையில், கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் ஒட்டும் சிப்டு வேலை.

எலும்பு வெட்ட ஒரு கத்தி வேண்டும் என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டார். அண்ணன் செத்துப்போன ஒரு லோரியின் அடியில் குலுக்கல் தாங்கும் வில் பட்டையை அறுத்து, அடித்து, சிரட்டைக் கரியில் காயவைத்தார். காந்தம் ஒட்டாத சிவப்பு வந்ததும் கழித்த இஞ்சின் எண்ணெயில் முக்கினார். அப்படி முக்கியெடுத்த இரும்பு கண்ணாடி மாதிரி. கடினம் அதிகம், கோபமும் அதிகம். தட்டினால் உடையும். மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் கோபம் இறங்கும். அதற்குத் தோட்டத்தில் இருந்த ஒரே கருவி, அண்ணனின் மனைவி தெரசா அக்கா கிறிஸ்துமஸ் கேக் சுடுவதற்காக வாங்கி வைத்திருந்த ஓவன். கத்தி அதிலிருந்து பழுப்பும் கத்தரிப்பூ நிறமுமாக, பார்க்க லட்சணமாக வெளியே வந்தது.

அத்தோடு அதைச் சரோஜா அக்காவிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு கத்தி கைக்குக் கை மாறாமல் வேலைக்குப் போனதில்லை. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீரையா நகத்தால் சுண்டிவிட்டுக் கண்ணை மூடி நாதம் கேட்டார். இன்னொருவர் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார். அந்த வாரத்தில் கடையில் பாதிப் பேரின் இடது முன்கை குழந்தையின் கன்னம்போல் ஆகிவிட்டது. ஒருவர் ஆணியை வெட்டினார். ஆணி வெட்டுவதற்கு அக்கா கடை வைக்கப்போவதில்லை என்பது அவருக்கு நினைவில்லை. கடைசியாக அரம் போட்டார்கள். அரம் லேசாகக் கடித்தது. கடிக்கத்தான் வேண்டும், எலும்பு வெட்டும் கத்தி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் உடையாமல் இருக்கும். இதை நான் வெகுகாலம் கழித்து ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாமல்தான் தலையாட்டினேன். செய்தியாளனுக்கு முதலில் கைவருவது அதுதான்.

மண்டோரின் மருமகன் குணா அப்போது அங்கே இருந்தார். செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. “மாமா, காதால கேக்கறதெல்லாம் அந்தக் காலம் லா. நம்ம கம்பெனில மெசின் இருக்கு. நம்பராவே சொல்லிரும்” என்றார்.

கத்தி செனாவாங் போய், கன்னத்தில் அம்மைத் தழும்புபோல் ஒரு குழியோடு திரும்பி வந்தது. ஐம்பத்துநாலு. ஐம்பத்துநாலு என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. நூற்றுக்கா என்று கேட்டார் மண்டோர். பள்ளிக்கூடத்தில் ஐம்பத்துநாலு எடுத்தால் பாஸ்தானே என்றார் ஒருவர்.

“பாஸ்தான்” என்றார் குணா. “ஆனா எங்க கம்பெனி சாமானு அறுவத்தொண்ணு.”

அந்தோணி அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரீட்சை முடிவு வந்த வீட்டில் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரும் கத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சரோஜா அக்கா அந்த வழியாக வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எனக்கு எலும்பு வெட்டணும்ணே. அது பரீட்சை எழுதப் போறதில்ல, குடுங்க” என்றார். கொடுக்கவில்லை. தோட்டத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறதாம்.

அண்ணன் மறுபடி காயவைத்து மறுபடி முக்கினார். ஆனால் இந்த முறை ஓவன் கிடைக்கவில்லை. முதல் முறை கத்தி வெந்ததற்கு மறுநாள் தெரசா அக்கா அதே ஓவனில் ஒரு கேக் சுட்டுப் பாதிரியாருக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு துண்டு சாப்பிட்ட பாதிரியார், பக்கத்தில் எங்காவது லோரி கவிழ்ந்துவிட்டதா என்று விசாரித்தாராம். “இனிமே அந்த இரும்பு என் ஓவன் பக்கம் வந்துச்சுன்னா, நீங்க இரும்போடவே குடித்தனம் பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டார் அக்கா. அண்ணன் கத்தியை அடுப்புச் சாம்பலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார், ஒரு மரியாதைக்கு. இயந்திரம் இப்போது அறுபத்தொன்று காட்டியது. அரம் வழுக்கிக்கொண்டு போனது. கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணி. நான்கூட ஒரு பெட்டிச் செய்தி எழுதி அனுப்பினேன். ஆசிரியர் போடவில்லை. அன்றைக்குச் சாக்கடை நிறைய வந்துவிட்டது.

தீபாவளிக்கு முதல் நாள் காலை பெடாஸ் பாசாரில் அக்கா கடைக்குத்தான் வரிசை நீளம். புதுக் கடைக்காரியைப் பார்க்க வந்த கூட்டம் பாதி, அறுபத்தொன்றைப் பார்க்க வந்த கூட்டம் பாதி. முதல் பொட்டலம் தனக்குத்தான் என்று குணா உரிமையோடு வாங்கிக்கொண்டு செனாவாங்கில் இருந்த வீட்டுக்குக் கிளம்பினார். கத்தி கணீர் கணீர் என்று இறங்கியது. மண்டோர் ஒவ்வொரு வெட்டுக்கும் தலையாட்டினார். நாலாவது பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கத்தியைத் துடைத்த அக்கா அப்படியே நின்றார். விளிம்பில் பிறை மாதிரி ஓர் இடம் காணவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு.

அந்தோணி அண்ணன் கத்தியை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். “சீனிக் கட்டி மாதிரி ஒடஞ்சிருக்கு” என்றார். அது வருத்தமா வியப்பா என்று எனக்கு விளங்கவில்லை. மண்டோர் குனிந்து அக்காவிடம் மெல்லிய குரலில் சொன்னார்: “சும்மா இரு புள்ள. எலும்போட எலும்பா ஒதுக்கி வச்சிருவாங்க. யாவாரத்தப் பாரு.”

“பிள்ளைங்க திங்கிற கறிண்ணே” என்றார் அக்கா.

பிறகு வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னார். கத்தியில் ஒரு துண்டு உடைந்து கறியில் போய்விட்டது, வாங்கினவர்கள் திருப்பிக் கொடுங்கள், தேடி எடுத்தபிறகுதான் இனி வெட்டுவேன் என்று. வரிசையில் நின்றவர்கள் அக்காவின் நேர்மையை மெச்சினார்கள். மெச்சிக்கொண்டே எதிர்க் கடைக்குப் போனார்கள்.

மூன்று பொட்டலம் பாசாருக்குள்ளேயே இருந்தது. வாங்கி, மேசையில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகத் தடவினார். இல்லை. கட்டையில் இல்லை, கீழேயும் இல்லை. மிச்சம் இருந்தது குணாவின் பொட்டலம். அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது. அக்கா கடையை உதவிக்கு வந்திருந்த தெரசா அக்காவிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்து, “தம்பி, மோட்டார எடு” என்றார். எதிர்க் கடையில் வரிசை சாலைவரை வந்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் ஏறி உட்கார்ந்தார். ஒரு சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற கார்க்காரர் அக்காவின் முன்துணியில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

குணா வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு சின்னப் பெண்களும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். குணா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து விஷயத்தைக் கேட்டார். அறுபத்தொன்று உடைய வாய்ப்பே இல்லை என்று விளக்க ஆரம்பித்தார். அக்கா அவரைத் தாண்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

“மன்னிச்சுக்க தங்கச்சி. கொழம்ப எறக்கணும்.”

குணாவின் மனைவி லெட்சுமி ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்து ஒரு பெரிய தட்டை எடுத்து வைத்தார். ஆறும்வரை இருவரும் காத்திருக்கவும் இல்லை. கொதிக்கிற குழம்பில் விரலை விட்டு ஒவ்வொரு துண்டாக நசுக்கிப் பார்த்தார்கள். ஒரு விலா எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்த கொழுப்புக்குள் கையை அழுத்திய அக்கா சட்டென்று விரலை எடுத்தார். விரலில் ரத்தம். எலும்பைப் பிளந்தார். மசாலாவுக்குள் பிறை மின்னியது.

குணா அதை வாங்கிக் குழாயில் கழுவினார். முன்கையில் வைத்து இழுத்தார். மயிர் உதிர்ந்தது. “பாத்தீங்களாக்கா” என்றார், “வெந்தும் கூரு போகல.”

லெட்சுமி புருஷனைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு அப்போதும் வரவில்லை, இப்போதும் வராது. பிள்ளைகள் கையிலிருந்த தட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, அக்காவின் விரலில் மஞ்சள்தூளை வைத்துக் கட்டினார்.

நாங்கள் திரும்பியபோது எதிர்க் கடைக்காரர் கறி தீர்ந்து கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். பெடாஸின் வாடிக்கை முழுவதும் அந்த ஒரு காலையில் அவருக்கு எழுதப்பட்டுவிட்டது. அக்கா பக்கத்து மீன்கடைச் சீன அம்மாவிடம் ஒரு கத்தி இரவல் வாங்கினார். பிடியில் துணி சுற்றிய கிழட்டுக் கத்தி. அதன் எண் என்ன என்று அந்த அம்மாவை யாரும் கேட்டதில்லை. மிச்சமிருந்த ஆட்டை அது முணுமுணுக்காமல் வெட்டியது. வாங்கத்தான் ஆளில்லை. தேத்தண்ணிக் கடையில் அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது: தெரசா ஓவனைக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது, எல்லாம் பொம்பளைகளால் வந்த வினை. அக்காவின் கடைக்கு ‘இரும்புக் கறி’ என்று பெயரும் வைத்தார்கள். அவர் செனாவாங்வரை போய்த் தேடியது அந்தப் பெயரில் அடங்கவில்லை.

பிற்பகலில், பாசார் காலியாகும் நேரத்தில், பஸ்ஸிலிருந்து லெட்சுமி இறங்கி வந்தார். கையில் வெறும் பை. வழியில் எத்தனையோ கறிக்கடைகளைத் தாண்டி வந்திருக்க வேண்டும்.

“ஒரு கிலோ வெட்டுங்கக்கா. எலும்போடவே போடுங்க.”

அடுத்த வாரம் அவர் தன் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தார். அவர்கள் தங்கள் சிப்டில் இருந்தவர்களை. பெடாஸில் கடை, வாடிக்கை முழுவதும் செனாவாங் என்று அந்தக் கடை பல தீபாவளிகள் ஓடியது. தோட்டத்து ஆள் ஒருவர்கூட அங்கே கறி எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அக்காவின் முழங்கால் ஒத்துழைக்காமல் போன வருஷம் கடையை மூடினார். அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அந்தோணி அண்ணன் இல்லை, மண்டோர் இல்லை. போன தீபாவளிக்கு முன் பேரங்காடியில் லெட்சுமியைப் பார்த்தேன். உறைந்த ஆட்டுக்கறிப் பொட்டலம் ஒன்றைக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எடை, தேதி, வந்த நாடு, எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்பது எல்லாம் அதில் எழுதியிருந்தன. கறியில் ஏதாவது கிடந்தால் யார் தேடிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள் என்று எழுதவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.