இறங்கினாலும் ஒரு இதயம்

"சபாஷ், சரியான முடிவு!" இதைச் சொல்ல மாட்டேன் என்று மைக்கின் முன்னால் உட்கார்ந்து அடம்பிடித்தேன். சொல்லியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்காக இலவச செல்போன் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ஒரு பெண் ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிறாள். வழியில் வருகிற தொல்லைகளைச் சமாளித்துப் போய்ச் சேர வேண்டும். படிப்பை நிறுத்தச் சொல்லும் மாமா, பின்னாலேயே வரும் பையன், எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்துப் பேச்சில் வசனம் எழுதுவதும் குரல் கொடுப்பதும் என் வேலை. ஒலிப்பதிவு செல்லூரில் ஒரு மாடி அறையில். கீழே விசைத்தறி ஓடும். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வருகிற நேரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

ஒரு கட்டத்தில் அந்தப் பெண் ஒரு ஊரின் பெரிய தெருவுக்குள் நுழைகிறாள். "எங்க தெருவுல வண்டியில உக்காந்துக்கிட்டா போற? எறங்கு" என்று நாலு பேர் மறிக்கிறார்கள். திரையில் இரண்டு பட்டன்கள். 'ஓட்டு' என்பதை அழுத்தினால் உயிருக்கு அடையாளமான சிவப்பு இதயங்களில் ஒன்று குறையும். 'இறங்கித் தள்ளு' என்பதை அழுத்தினால் ஒன்று கூடும். என் குரல் சபாஷ் சொல்லும். போலீசில் புகார் கொடுப்பதெல்லாம் அடுத்த கட்டத்தில் வருமாம்.

என் குரல்! எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்ட மாத்திரத்தில் "ஏய், நம்ம அக்காடி" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களைப் பார்த்து நானா இறங்கச் சொல்வது?

ஏனென்றால் எங்கள் ஊரிலும் பெரிய தெருவைத் தாண்டித்தான் எங்கள் தெரு. அப்பா கூலி வேலை பார்த்து, பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, ஒரு பழைய மொபெட்டும் வாங்கினார். என்னை முன்னால் நிற்க வைத்து ஓட்டி வருவார். பெரிய தெரு முனை வந்ததும் வண்டி நின்றுவிடும். "மக்கர் பண்ணுதும்மா" என்று இறங்கித் தள்ளுவார். தெரு முடிந்ததும் ஒரே மிதியில் கிளம்பிவிடும். அந்த வண்டியைப் போலக் கேடுகெட்ட வண்டி உலகத்திலேயே கிடையாது என்று நம்பி, அதை நான் காலால் உதைத்திருக்கிறேன். டீக்கடையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அப்பாவைவிட வயதில் சின்னவர். "என்னப்பா, இன்னைக்கும் மக்கரா?" என்று தினமும் கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே "ஆமாங்கய்யா" என்பார். விவரம் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சம்பாதித்து ஸ்கூட்டி வாங்கிய நாளிலிருந்து அந்தத் தெருவில் இறங்கியதில்லை. ஏசுவார்கள். ஏசட்டும், என் பெட்ரோல், என் ரோடு. ஆனால் அப்பா மட்டும் பெரிய தெரு வந்ததும் "நீ போம்மா, நான் நடந்து வாரேன்" என்று இறங்கிவிடுவார்.

நிறுவனத்தின் மேடம் கெட்டவர் இல்லை. "நம்ம பேச்சக் கேட்டு ஒரு புள்ள ஓட்டிட்டுப் போயி, எவனாவது கைய வச்சுட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. எனக்குத் தெரியாதா?

"எறங்கக் கூடாதுன்னு நான் சொல்லல மேடம். எறங்குறதுக்கு எதுக்கு இதயத்த ஏத்துறீங்க? எறங்குனாலும் ஒண்ணு கொறையணும்."

"எத அழுத்துனாலும் நஷ்டம்னா பிள்ளைங்க சோந்து போயிடும்ல?"

"எங்களுக்கு அப்படித்தான மேடம் இருக்கு?"

அதற்குள் கீழே தறி ஓடத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே, "இல்லன்னா வேற குரல்தான் பாக்கணும்" என்றார். "பாத்துக்கங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரமே எங்கள் தெருவின் மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் கொடுத்து விளையாட்டைச் சோதிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மேடம் வந்தார். நான் அவரோடு பேசாமல் ஓரமாக நின்றேன். பெரிய தெரு வந்ததும் ஒரு சின்னப் பெண் எதையும் அழுத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, புரியலையா?" என்று மேடம் குனிந்து கேட்டார்.

"வண்டி மக்கர் பண்ணுதுன்னு ஒரு பட்டன் இருக்குமே, அது எங்க மேடம்?"

"அது எதுக்கு?"

"எங்கப்பா வண்டி பெரிய தெருவுல மக்கர் பண்ணும்ல."

பக்கத்தில் இருந்தவள், "எங்கப்பா வண்டியுந்தான்" என்றாள். "எங்க மாமாவுது புது வண்டி மேடம். அதுவும் அங்க வந்தா நிக்குது" என்றாள் இன்னொருத்தி.

அட தெய்வமே! எங்கள் வீட்டு ரகசியம் என்று நான் நினைத்திருந்த பொய்யைத் தெருவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். யாருக்குப் பயந்து மறைப்பது?

விளையாட்டை மாற்றினார்கள். இறங்கினாலும் ஒரு இதயம் குறையும். சபாஷ் போயே போய்விட்டது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் என் குரல் ஒன்றையேதான் சொல்லும்: "தப்பு உன்னுது இல்லடி. போய்க்கிட்டே இரு." தறி நின்றதும் ஒரே மூச்சில் பேசி முடித்தேன்.

வீட்டில் அப்பா அந்த விளையாட்டைத் தானே கேட்டு வாங்கிப் பார்த்தார். பெரிய தெரு வந்ததும் யோசிக்காமல் 'இறங்கித் தள்ளு' என்பதை அழுத்தினார். ஒரு இதயம் அணைந்தது. போனிலிருந்து என் குரல் தன் வரியைச் சொன்னது.

"ஏம்மா, எறங்குனாலுமா கொறையுது?"

"ஆமாப்பா. ஒவ்வொரு தடவையும்."

அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது, உரக்கடை வரைக்கும் வாரேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார். பெரிய தெரு வந்ததும் வழக்கம்போல அவர் இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தேன்.

"எதுக்கு நிறுத்துற? ஓட்டு."

என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. டீக்கடையில் அதே ஆள், இப்போது தலை நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னப்பா, இன்னைக்கு மக்கர் இல்லையா?"

தெரு முழுக்கக் கேட்கும்படி அப்பா சொன்னார்: "என்னைக்குமே மக்கர் இல்ல தம்பி! அது நல்ல வண்டி."