மருத மரத்துக் குளவிகள்

அறுபதுகளின் கடைசியில் மட்டக்களப்பு வாவியில் பறவைகளை எண்ணுவது என் தொழிலாக இருந்தது. விலங்கியல் பட்டத்தோடு ஊர் திரும்பிய எனக்கு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் கிடைத்த வேலை அது. மாதம் இருமுறை வாவியின் நடுவிலிருந்த கண்டல் மரத் திட்டு ஒன்றுக்குத் தோணியில் போவேன். நீர்க்காகமும் கொக்கும் நத்தைகொத்தி நாரையும் கட்டிய கூடுகளை எண்ணி, முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று எழுதிக்கொள்வேன். திட்டின் மேட்டில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் உச்சிக் கிளைகளில் பெருந்தேனீக்கள் கட்டித் தொங்கவிட்டிருந்த தேன்வதைகளும் என் கணக்கில் சேர்த்தி.

சாதுவான வேலை என்று வீட்டில் நினைத்தார்கள். கூட்டில் மூத்த குஞ்சு இளையதன் மண்டையைக் கொத்திக் கொத்திக் கீழே தள்ளும். தாய் பக்கத்தில் நின்று இறகு கோதிக்கொண்டிருக்கும். விழுந்ததைச் சேற்றில் காத்திருக்கும் கபரக்கொய்யா என்ற நீருடும்பு உயிரோடு விழுங்கும்; அதன் தொண்டைக்குள் குஞ்சு அசைவது வெளியே தெரியும். நான் "இறப்பு ஒன்று" என்று எழுதிவிட்டு அடுத்த கூட்டைப் பார்ப்பேன். முதல் மாதம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

தோணிக்காரர் காத்தான்குடியைச் சேர்ந்தவர், என் வயதுதான். எங்கே வேண்டுமானாலும் தோணியை விடுவார், மருத மரத்துக்குக் கிட்ட மட்டும் போகமாட்டார்.

"அது தேனீதான்" என்று நான் சொன்னால், "தேனீ எண்டு நீங்க எழுதுங்க சேர். கொட்டினா குளவிதான்" என்பார்.

என் அக்காவின் கணவர் கரடியனாற்றுப் பக்கம் ஒரு வயல்வட்டையில் நெல் செய்தார். யானைக்கும் பன்றிக்கும் என்று அனுமதி பெற்ற துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் என் தொழில் பெருமையை அவிழ்த்துவிட்டேன்.

"இந்த வருசம் மரத்தில இலை தெரியல்ல அத்தான். அவ்வளவு கூடு."

"அது எந்தப் பக்கம்?"

சொதி நனைந்த விரலால் மேசையில் வழியைக் கீறிக் காட்டினேன். எந்த முனையால் திரும்ப வேண்டும், எங்கே ஆழம் குறைவு, எல்லாம் சொன்னேன். அத்தான் தலையாட்டிக்கொண்டு கேட்டார். அக்கா எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை நாங்கள் திட்டை நெருங்கும்போதே வெடிச்சத்தம் கேட்டது. பறவைகள் மொத்தமாக எழும்பி, இறங்க இடம் தெரியாமல் தலைக்கு மேலே சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. திட்டின் ஓரத்தில் ஒரு தோணி. அதில் அத்தான் துவக்கோடு நின்றார். அவருடைய சினேகிதர் ஒருவர் மரங்களுக்குக் கீழே தொடையளவு சேற்றில் நின்று, விழுந்த பறவைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர். துவக்குப் பிடிக்கத் தெரியாதவர், சும்மா வேடிக்கைக்கு வந்தவர்.

எல்லாம் செத்து விழவில்லை. ஒரு நாரை செட்டை முறிந்து கிளையில் தலைகீழாகத் தொங்கி அடித்துக்கொண்டிருந்தது. அதன் இரத்தம் கீழ்க்கூட்டிலிருந்த குஞ்சுகளின் மேல் சொட்டியது. குஞ்சுகள் இரை என்று நினைத்து வாயைத் திறந்தன.

"அத்தான், நிப்பாட்டுங்க!"

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீ எண்ணுறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறன். பயப்பிடாத."

"குஞ்சு இரிக்கி அத்தான். எல்லாம் செத்துப்போகும்."

"நீதானேடா வழி சொன்ன" என்று சொல்லிக்கொண்டே துவக்கைத் தோளுக்கு உயர்த்தினார்.

தோணிக்காரர் கையிலிருந்த, தோணி தள்ளும் தாங்குகோலை நான் பிடுங்கியது நினைவிருக்கிறது. எங்கள் தோணி அத்தானுடையதோடு உரசி நின்றது. என் முழுப் பலத்தையும் சேர்த்து அவருடைய முன்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது. இன்னொரு அடி அடிக்கக் கோலை ஓங்கியும் இருந்தேன்.

அதற்குள் துவக்கு வெடித்துவிட்டது. குழல் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. குண்டுகள் மருத மரத்தின் உச்சிக்குப் போயின. ஒரு வதை பிய்ந்து கிளைகளில் மோதி மோதிக் கீழே விழுந்தது.

முதலில் மழை வருவது போல ஓர் இரைச்சல். பிறகு மரத்திலிருந்து கறுப்பாக ஏதோ அவிழ்ந்தது.

"தண்ணிக்குள்ள பாயுங்க சேர்! குளவிய அடிக்காதீங்க, பாயுங்க!"

தோணிக்காரர் என்னைத் தள்ளினார். அத்தானின் சட்டையைப் பிடித்து அவரையும் இழுத்து விழுத்தினார். எங்கள் தோணியைக் கவிழ்த்து, மூன்று பேருடைய தலையையும் அதற்குள் சேர்த்தார். நெஞ்சளவு தண்ணீர். தோணியின் வயிற்றுக்குள் கொஞ்சம் காற்று, கொஞ்சம் இருட்டு. எங்களோடு உள்ளே வந்த தேனீக்கள் முகத்திலும் காதுக்குள்ளும் கொட்டின. வெளியே மரப்பலகையில் அவை வந்து மோதுவது மண்ணை அள்ளி எறிவது போலக் கேட்டது.

பிறகு, வெளியே சேற்றில் நின்ற இலிகிதர் கத்தத் தொடங்கினார்.

சேற்றிலிருந்து காலை இழுக்க அவரால் முடியவில்லை. முதலில் அத்தானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மாதாவை. பிறகு சொற்கள் இல்லை. நான் தோணியின் விளிம்பைத் தூக்கப் போனேன். தோணிக்காரர் என் கழுத்தைப் பிடித்து அமுக்கினார்.

"போனா நீங்களும் மையித்துதான் சேர்."

நான் திமிறவில்லை. அவர் பிடித்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அத்தான் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நிப்பாட்டச் சொல்லு, நிப்பாட்டச் சொல்லு" என்று அழுதார். யாரிடம் சொல்வது?

சத்தம் அடங்கி நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம். இலிகிதர் சேற்றில் உட்கார்ந்தபடி இருந்தார். முகம் எது என்று சொல்ல முடியவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தோம். மாலைக்குள் முடிந்துவிட்டது.

மரண விசாரணையில் அத்தான், தோணி ஆடியதில் தவறி விழுந்து கை முறிந்தது, துவக்கு தானாக வெடித்தது என்றார். தோணிக்காரர் தான் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததாகவும் ஒன்றையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். என்னைக் கேட்டபோது, "அப்படித்தான் நடந்தது" என்றேன். வெளியே வந்ததும் அத்தான் என்னைப் பார்க்காமல், "உன்ட அக்காக்காகத்தான் சொன்னன்" என்றார். அதன் பிறகு நான் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. அவருடைய கை கோணலாகவே பொருந்தியது.

பறவைகள் அந்தப் பருவம் திட்டைக் கைவிட்டன. குஞ்சுகள் கூடுகளிலேயே காய்ந்து கிடந்தன. அவற்றையும் எண்ணி எழுதினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து இறந்தவரின் மனைவியைத் தேடிப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் சிறிய வீடு. அவர் தையல் மெஷினில் இருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். மேசையில் வழி கீறியதையும் சொன்னேன். அவர் மெஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி கேட்டார்.

"சுட்டது உங்கட அத்தான். அடிச்சது நீங்க. ரெண்டு பேரும் வீட்ட வந்திட்டீங்க."

சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"இதைச் சொல்லிப்போட்டு நிம்மதியாப் போகலாம் எண்டா வந்தீங்க தம்பி?"

"இல்ல."

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "அந்த இடத்த எனக்குக் காட்டுங்க" என்றார்.

அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அதே தோணிக்காரர்தான் வந்தார். அவர் கூலி வாங்கமாட்டேன் என்றார். பூப்பூக்கும் பருவம் தொடங்கியிருந்தது. மருத மரத்தில் புதிய வதைகள் தொங்கின. தோணியைத் தூரத்திலேயே நிறுத்தினோம். அந்த அம்மா வெள்ளைச் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அவர் எங்க நிண்டவர்?"

காட்டினேன்.

"நீங்க தோணிக்குக் கீழ இரிந்தது?"

அதையும் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே இருந்த தண்ணீரை அவர் கண்ணால் அளந்தார்.

"இவ்வளவு தூரம்தானா" என்றார்.

தோணிக்காரர் தாங்குகோலைச் சேற்றில் ஊன்றினார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "போவம்" என்றார்.