உருண்டைப் பூச்சியும் மாமாவின் திராட்சையும்

என் மாமனார் ஆயுசு பூராவும் பூச்சியோடு மல்லுக்கட்டியவர். கம்பத்துக்குப் பக்கத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். இலைச் சுருட்டல், செதில் பூச்சி, வெள்ளைப் பூசணம் என்று எதிரிகள் பேரையெல்லாம் பங்காளிகள் பேர் மாதிரி விரல் விட்டுச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக் கூடத்தில் வைத்து மருமகள் பூச்சி வளர்த்தாள் என்றால் சும்மா இருப்பாரா? நான் வளர்த்தேன். அதுவும் டிவிக்குப் பக்கத்திலேயே வைத்து வளர்த்தேன்.

ஆரம்பத்தில் என் திட்டத்தில் பூச்சியே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று பரண் மேல் சும்மா கிடந்தது. அதைக் கீழே இறக்கி, அடியில் கரித்துண்டு பரப்பி, அதன்மேல் கொசுவலைத் துண்டு விரித்து, தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் போட்டேன். வாய்க்கால் சுவரில் சுரண்டிய பாசி, மலைப்பாதையோரத்துப் பெரணி, ஒரு மரப்பட்டை. கண்ணாடி மூடியைச் சாத்தியதும் மேகமலையில் ஒரு முழம் வெட்டி வைத்த மாதிரி இருந்தது. பத்தே நாளில் மரப்பட்டை மேல் பஞ்சாய்ப் பூசணம் பூத்து, கூடமெல்லாம் நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது.

"ஏத்தா, இங்கன என்னமோ ஊசிப் போச்சு" என்று அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு வீடு பூராவும் தேடினார். மாமா தேடவில்லை. நேராகத் தொட்டி முன்னால் வந்து நின்றார்.

"ஒரு மாசம் பாப்பேன். நாத்தம் நிக்கலன்னா தொட்டியக் கொண்டு போயி வாய்க்கால்ல கவுத்துருவேன்."

சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் அடுப்பு அத்தையுடையது, ரிமோட் மாமாவுடையது, பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. விலங்கியல் படித்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஐந்து மாதம். எனக்கென்று அங்கே இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதை வாய்க்காலில் கவிழ்க்க விட்டுவிடுவேனா?

அந்த மாத ஆஸ்பத்திரிச் செக்கப்புக்குப் போன சாக்கில், வீட்டுக்காரரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுக் கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் இந்த மாதிரித் தொட்டிக்குள் ஐசோபாட் என்று ஒன்றை விடுகிறார்களாம். பூசணத்தையும் அழுகல் இலையையும் தின்று தொட்டியை அதுவே சுத்தம் செய்துகொள்ளுமாம். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் கல்லைப் புரட்டினால் ஓடுமே, சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாய், அந்த உருண்டைப் பூச்சிதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கொழுந்தன் குதித்தார். அவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர்.

"இத ஏன் மதினி முன்னாடியே சொல்லல? மலையில பெருசு பெருசா கெடக்கு."

மறுநாள் சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்தால், அதற்குள் ஐந்து பளபளப்பான உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு திராட்சைப் பழம் அளவு இருந்தது. நான் சொக்கிப் போனேன். மாமாகூட எட்டிப் பார்த்து, "சைசு நல்லாத்தான் இருக்கு, கிலோ என்ன வெலைக்குப் போகும்?" என்றார். தொட்டியில் விட்டேன். இரண்டு நாள் அவை உருண்டையை அவிழ்க்கவே இல்லை. மூன்றாம் நாள் ஒன்று மனம் இரங்கி அவிழ்ந்தது. லென்ஸ் வைத்துக் காலை எண்ணினேன். ஐசோபாட்டுக்கு ஏழு ஜோடிதான் கால். இதற்கோ ஒவ்வொரு கணுவிலும் இரண்டு ஜோடி. அட, இது மரவட்டைச் சாதி! தன் மலைச் சருகைத் தவிர வேறெதையும் சீந்தாது, என் தொட்டியில் கிடந்தால் பட்டினியாய்ச் செத்துப்போகும். ஐந்தையும் அதே டிபன் பாக்ஸில் போட்டு ஜீப்பில் ஏற்றினேன்.

"கொண்டு வந்த சீர இப்பிடியா திருப்பி அனுப்புவாக?" என்று கொழுந்தனுக்கு ஒரு வாரம் மனத்தாங்கல்.

சரியானவை எங்கேயோ இல்லை, மாட்டுத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால் மட்கிய தேங்காய் மட்டைக்கு அடியில்தான் இருந்தன. இரண்டு ரகம். ஒன்று, தொட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாகிவிடும், சமாதானமாகி அவிழ அரைமணி நேரம் ஆகும். அதற்கு அத்தை ரகம் என்று பேர் வைத்தேன். இன்னொன்று உருளவே உருளாது, வெளிச்சம் பட்டதும் ஒரே ஓட்டம். ஏதாவது வேலை சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்ததும் மாயமாகிவிடும் என் வீட்டுக்காரர் ரகம் அது. அழகு முன்னதுக்கு, பூசணம் தின்பதில் கெட்டிக்காரத்தனம் பின்னதுக்கு. இரண்டிலும் பன்னிரண்டு பன்னிரண்டாய்ப் பிடித்து விட்டேன். பேர் வைத்த விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவற்றை வைத்துக்கொள்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொட்டியில் ஒரு பக்கம் ஈரம், மறு பக்கம் காய்ந்த மண். மேல் ஓடு வலுப்பட முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவேன். தின்ன, தெருமுனை வாதாமரத்துச் சருகு. இரண்டே வாரத்தில் பூசணம் போன இடம் தெரியவில்லை. ஒரு மாதக் கெடு முடிந்த அன்று மாமா மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, ஆழமாய் இழுத்தார்.

"மழ பேஞ்ச மண்ணு வாசம்ல அடிக்கி" என்றார். ரொம்ப ஏமாற்றமாய் இருந்தது அவருக்கு.

"இது நண்டுக்குச் சொந்தம் மாமா" என்று பெருமையாய் எடுத்துவிட்டேன்.

"அப்பக் கொழம்பு வச்சுரு."

அதற்கப்புறம் சாயங்காலம் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்காருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. வயிற்றுக்கடியில் பை வைத்துக் குட்டிகளைச் சுமக்கும் ஒரு அத்தை ரகத்தை நான் லென்ஸில் காட்டினேன். "ஒன்னயக் கணக்கா மெதுவா நடக்கு" என்றார். அவர் தினமும் தோட்டத்திலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு குலை அறுத்து வருவார். நான் கழுவ எழுந்தால் கோபம் வரும். "எதுக்குக் கழுவுற? நம்ம பழத்தக் கொடியிலருந்து அப்பிடியே திங்கலாம். பச்சப்புள்ளைக்கே குடுக்கலாம்." பழம் வாங்க வரும் வியாபாரிகளிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது சத்தியமாகிவிட்டிருந்தது. நானும் கழுவாமல் தின்றேன். மாமா ஆசையாய்க் கொண்டு வருவதை எப்படி மறுக்க?

அந்தச் சமயத்தில் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வாதாமரத்தை வெட்டிவிட்டார்கள். எங்கள் வாசலில் விழுகிற சருகை விடியுமுன் கூட்டிக் கொளுத்தாவிட்டால் அத்தைக்குத் தூக்கம் வராது. பூச்சிக்கு இலை இல்லை. அப்போதுதான் கீழ்ப்பந்தலில் அறுப்பு முடிந்து கவாத்து வெட்டினார்கள். கொடியிலிருந்து கழித்த இலை அம்பாரமாய்க் காய்ந்து கிடந்தது. சொந்தத் தோட்டம் இருக்கும்போது ஊரான் மரத்துக்கு ஏன் அலைய வேண்டும் என்று மடி நிறைய அள்ளி வந்தேன். இலைமேல் நீலமும் வெள்ளையுமாய்ப் படலம் படிந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து என்று தெரியும். தெரிந்துமே, சுண்ணாம்புச் சத்துதானே, ஓட்டுக்கு நல்லது என்று நினைத்தேன். விலங்கியல் படித்த புத்தி! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதோடு வேறு என்னென்ன அடித்திருந்தார்களோ, அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் தொட்டிக்குள் ஓட்டமே இல்லை. மூடியைத் திறந்தேன். மல்லாக்கக் கிடந்தன. ஓடுகிற ரகம், உருளுகிற ரகம் எல்லாம். பை வைத்திருந்தவளும் கிடந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தைக்குத் தெரியக்கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். பிறகு தொட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு மாமா குலையோடு வந்தார். "இந்தாத்தா" என்று தட்டில் வைத்தார். நான் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் துண்டைப் பார்த்தார்.

"என்னத்தா, பூச்சிக்குப் போர்த்தி விட்டுருக்க? குளுருதாமா?"

துண்டை எடுத்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"என்னத்தப் போட்ட?"

"நம்ம பந்தல் எலதான் மாமா. கவாத்துல கழிச்சது."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் தெளிப்பானை முதுகில் சுமந்தவரின் கை எனக்கு முன்னால் நீண்டது.

"துப்புத்தா."

எனக்குப் புரியவில்லை.

"வாயில இருக்கறதத் துப்புன்னு சொல்றேன்ல!"

அவர் உள்ளங்கையில்தான் துப்பினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்தார். அதுவரை ஒரு விஷயமும் என்னிடம் கேட்டறியாத மனிதர், வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"கழுவுனாப் போயிருமா?"

"கொஞ்சம் போகும் மாமா. மிச்சம் தெரியல."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நானும் பயந்து போய், அடுத்த செக்கப் வரைக்கும் வயிற்றில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை நன்றாய் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது என்னைவிட மாமாவுக்குத்தான் மூச்சு வந்தது.

தொட்டியைக் காலி செய்தபோது முட்டை ஓட்டுக்கடியில் எள் அளவுக் குட்டிகள் சில உயிரோடு ஊர்ந்தன. புது மண் போட்டு அவற்றை விட்டேன். மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் யாரும் மருந்தடிக்காத கொடி ஒன்று அது பாட்டுக்குப் படர்ந்து கிடந்தது. மாமா அதிலிருந்து பழுத்து விழுந்த இலையாய்ப் பொறுக்கி வந்து தொட்டியில் போட்டார். ஒரு வாரம் காபி டம்ளரோடு காவல் இருந்தார். பூச்சி தின்றது, ஓடியது, உருண்டது. எட்டாம் நாள்தான் அந்தக் கொடிப் பழம் என் தட்டுக்கு வந்தது. அணில் கடித்தது போக மிஞ்சிய, கோலிக்குண்டாய்ச் சிறுத்த பழக் கொத்து. வாயில் வைத்தால் உச்சந்தலை வரை புளிப்பு.

"புளிக்குதே மாமா."

"புளிக்கட்டும். பூச்சி பாஸ் பண்ணிருச்சு, தின்னு."

மகள் பிறந்து நான் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மதுரை வியாபாரி ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமா குலையை எடுத்து நீட்டினார். "நம்ம பழத்தக் கழுவாமயே..." என்று ஆரம்பித்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்துத் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மாமா நீட்டிய கையை மடக்கினார்.

"ஆத்தா, இதக் கொஞ்சம் கழுவிக் கொண்டா."