அண்ணன் பெயரில் இறங்கியவன்

கோலார் தங்கச் சுரங்கத்து ஊரிகத்தில் நான் இருந்தது பதினாலு மாதம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஊர் ஊராகச் சுற்றி அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோத்த பழக்கத்தில், சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்குச் சுரங்கச் செய்திகள் எழுதிவந்தேன். கீழே பாறை சரிந்து ஒருவன் செத்ததை எழுதியதுதான் கடைசி. செத்தவன் பெயராவது அச்சில் சரியாக இருக்கட்டும் என்று, புதைத்தவர்களிடம் விசாரித்து உண்மைப் பெயரையே போட்டேன்.

அதுதான் தவறு. அவன் சுரங்கத்தில் இறங்கியது தன் அண்ணன் பெயரில். காய்ச்சலில் கிடந்த அண்ணனுக்கு வேலையும், இரு குடும்பமும் குடியிருந்த கம்பெனி லைன் வீடும் போய்விடக் கூடாதென்று, மேஸ்திரிக்குத் தெரிந்தே தம்பி இறங்கிக்கொண்டிருந்தான். அங்கே இது சாதாரணம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதைத்த மறுநாள் அண்ணன் எழுந்து ஷிப்டுக்குப் போனான். பதிவேட்டில் ஓர் ஆளும் குறையவில்லை.

பொய் எழுதிக் கூலிகளைக் கிளப்பிவிடுகிறேன் என்று போலீஸ் என்னைப் பிடித்தது. மைசூர் சமஸ்தான எல்லைக்கு வெளியே துரத்த உத்தரவும் தயாராக இருந்தது. புதைத்தவர்கள் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். நான் எழுதியது மெய்யென்று இனிச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான், செத்தவன் மனைவி.

இன்ஸ்பெக்டர் அவளை வரவழைத்தார். மேஸ்திரி அழைத்துவந்தான். நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் கனகாம்பரம், கழுத்தில் தாலி.

“இன்னாம்மா, உன் புருஷன் செத்துட்டானாமே?”

“யாருங்க சொன்னது? கேவுரு அறுப்புக்கு ஊருக்குப் போயிருக்காருங்க.”

மேஸ்திரி என் பக்கம் திரும்பினான். “பூவும் பொட்டுமா நிக்கிற பொம்பளைக்குத் தாலியறுக்கப் பாத்தியேடா! உயிரோட இருக்கிறவனுக்கு வாய்க்கரிசி போடுறதுதான் உன் உத்தியோகமா?”

காவலர்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“நீங்க எழுதினது தப்புதானேண்ணா?” என்றாள்.

குழியைத் தோண்டிப் பாருங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. தோண்டினால் பிணம் இருக்கும். நான் பிழைப்பேன். ஆனால் அண்ணன் வேலை போகும், அன்றைக்கே வீடு காலியாகும், இவள் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்பாள்.

“விசாரிக்காமல் எழுதிவிட்டேன்” என்றேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

எல்லைக்கு அப்பால் குப்பம் வரை ஒரு காவலர் ரயிலில் கூட வந்து இறக்கிவிட்டார். போலீசில் நான் எழுதிக்கொடுத்ததை அப்படியே அச்சிட்டுப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு நான் போன ஆபீசுகளில் படியேற விடவில்லை. வேலூரில் ஓர் ஆசிரியர் மட்டும் உட்காரச் சொன்னார். மன்னிப்பு வந்த அந்த இதழை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“இதை எழுதினது நீங்கதானே?”

“ஆமாம்” என்றேன். அவரும் அனுப்பிவிட்டார்.